தாமிரபரணிக் கரையில் முதல் கோடை: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

எங்கள் தெருவுக்கு ஆண்டுக்கு ஒரு குடும்பமாவது புதிதாக வந்துவிடுகிறது. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். தை மாதம் பால் காய்ச்சிக் குடியேறுவார்கள். அப்போது ஆறு பளபளவென்று ஓடும், மேற்கே பொதிகை மலை துலக்கமாகத் தெரியும், மாடியில் நின்று படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். சித்திரை பிறந்ததும் போய்ப் பார்த்தால் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ஏ.சி.க்குள் இருப்பார்கள். மொட்டைமாடித் தொட்டியில் கொதித்த தண்ணீரைக் குளியலறையில் திறந்துவிட்டு, "இந்த ஊரில் பச்சைத் தண்ணீரே வராதா?" என்று கேட்பார்கள். 150 அடி தள்ளித் தாமிரபரணி போய்க்கொண்டிருக்கும்.

கேலி செய்யவில்லை. நானும் என் முதல் கோடையை இப்படித்தான் வீணடித்தேன். கல்லிடைக்குறிச்சிக்கு வந்து பதினோரு கோடை கழிந்துவிட்டது. பங்குனியிலிருந்து ஆனி வரை நான்கு மாதத்தை ஆற்றோடு கழிப்பதற்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். எழுகிற நேரம், சாப்பிடுகிற நேரம், தூங்குகிற இடம் இவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். பலருக்கு அதுதான் முடிவதில்லை.

முதல் வாரம்: இறங்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்

காவிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கோடை ஆறு என்றால் மணல்தான் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்ட ஆறு இல்லை. பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேருகிற இந்தச் சிறிய ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கின்றன. இடைப்பட்ட மாதங்களுக்கு மலைக்காடு பிடித்து வைத்த நீர் கசிந்து வருகிறது, அணையில் தேக்கியது வருகிறது. அதனால் சித்திரையிலும் தண்ணீர் ஓடும். எவ்வளவு ஓடும் என்பது மேலே இருக்கும் அணைகளைப் பொறுத்தது. உள்ளூர்ப் பதிப்பு நாளிதழில் அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுவார்கள். பாபநாசம் அணையின் உச்ச அளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ராசிபலன் பார்க்கிற நேரத்தில் இதையும் பார்த்துவிடுங்கள். ஒரு மாதத்தில் "இன்று ஆறு எப்படி இருக்கும்" என்று வீட்டிலிருந்தே சொல்ல வந்துவிடும்.

அடுத்தது படித்துறை. ஒரு வாரம் காலையும் மாலையும் போய் மேல்படியில் சும்மா உட்கார்ந்திருங்கள். யார் எங்கே இறங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு துறைக்கும் எழுதப்படாத ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெண்கள் குளிக்கிற படி, ஆண்கள் குளிக்கிற படி, துணி துவைக்கிற கல், மாடு கழுவுகிற சரிவு, திதி கொடுக்கிற இடம் என்று எல்லாம் பிரிந்தே இருக்கும். பலகை எதுவும் இருக்காது. தெரியாமல் இறங்கினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்; பார்க்கிற பார்வையிலேயே நாம் ஏறி வந்துவிடுவோம். நான் வந்திருக்கிறேன்.

மாடு கழுவும் இடத்துக்கும் திதி கொடுக்கும் இடத்துக்கும் மேற்கே, அதாவது நீர் வருகிற பக்கத்தில், உங்கள் படியை வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை வந்து சேரும் வாய் எங்கேயாவது இருக்கிறதா என்று கரையோரம் கால் கிலோமீட்டர் மேற்கே நடந்து பார்த்துவிடுவது நல்லது. ஊர்களைத் தாண்டத் தாண்ட ஆறு அழுக்காவதை மறைத்துப் பேசிப் பயனில்லை. திருநெல்வேலி நகரத்துக்குள் குடியிருப்பவர்கள் குளிப்பதற்கு மேற்கே வருவது உத்தமம்.

ஆழத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் துணி துவைக்கிற பெண்களிடம் கேளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் தண்ணீரில் நிற்பவர்கள் அவர்கள்தான். "அக்கா, இங்கே கசம் எங்கே இருக்கிறது?" என்றால் கையிலிருக்கும் துணியாலேயே சுட்டிக் காட்டுவார்கள். வயதான ஆண் என்றால் "அண்ணாச்சி" என்று தொடங்குங்கள், இந்தச் சீமையில் அந்தச் சொல்லுக்குத் திறக்காத வாய் கிடையாது. கசம் என்பது ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான மடு. மேலே பார்க்க அமைதியாக, கரும்பச்சையாக இருக்கும். ஆற்றில் அழகான இடம் எது என்று தேடினால் பெரும்பாலும் கசத்தின் கரையில்தான் போய் நிற்போம்.

கடைசியாக, படிகளை எண்ணிக்கொள்ளுங்கள். என் துறையில் 17 படி. பங்குனித் தொடக்கத்தில் 12 படி வெளியே தெரியும், சித்திரைக் கடைசியில் 14. இந்தக் கணக்கு பிறகு உதவும்.

குளிக்கிற முறை

காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவே போங்கள். வெயில் ஏறிய பிறகு கல்படி காலைச் சுடும், தலை காய்வதற்குள் மறுபடி வேர்க்கும். மாலை என்றால் ஐந்தரைக்கு மேல். அப்போது ஆற்றில் இரண்டு தண்ணீர் இருக்கும்: ஓட்டம் குறைந்த ஓரங்களில் இடுப்பளவில் வெதுவெதுப்பாகவும் பாதத்தில் சில்லென்றும் படும். நடுப்பகல் குளியல் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கொண்டுபோக வேண்டியவை ஒரு துண்டு, மாற்றுத் துணி, ஒரு செம்பு. ஆண்கள் வேட்டியையோ அரைக்கால் சட்டையையோ கட்டிக்கொள்ளலாம். நனைந்தால் கனக்கிற ஜீன்ஸோடு ஆற்றில் இறங்குவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. நகை, கடிகாரம், கைப்பேசி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

கரையில் நின்று முதலில் ஒரு செம்பு தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டாக, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்குங்கள். உலர்ந்த படி மோசம் செய்யாது, முழுக்க மூழ்கிய படியும் அவ்வளவாகச் செய்யாது. தண்ணீர் ஏறியிறங்கும் அந்த ஒரு படி இருக்கிறதே, அதில்தான் பாசி வெண்ணெய் தடவியதுபோல் பிடித்திருக்கும். அங்கே குதிகாலை முதலில் வைக்கக்கூடாது. விரல்களை ஊன்றிக் கல்லின் விளிம்பைப் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது மூழ்கிய படியில் உட்கார்ந்தால் கழுத்துவரை தண்ணீர் வரும். அசையாமல் இருங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுகள் முதலில் ஒன்று வந்து கணுக்காலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். அரை நிமிடத்தில் பத்துப் பதினைந்து வந்து பாதத்தில் வெடித்த தோலைக் கொத்தத் தொடங்கும். முதல் நாள் கூச்சத்தில் காலை உதறிவிடுவீர்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். நகரத்தில் இதற்குத் தொட்டி வைத்துப் பணம் வாங்குகிறார்களாம்.

சோப்பு, ஷாம்பு வேண்டாம். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் வாளியில் மொண்டு கரைக்கு எடுத்துப்போய், மண்ணில் நின்று தேய்த்து, மண்ணிலேயே ஊற்றிவிட்டு வந்து முழுக்குப் போடுங்கள். பயத்தமாவும் சீயக்காயும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. எண்ணெய்க் குளியலை ஆண்கள் சனிக்கிழமையும் பெண்கள் வெள்ளிக்கிழமையும் வைத்துக்கொள்வது பழைய ஏற்பாடு. வீட்டில் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டு, கடைசி முழுக்கை மட்டும் ஆற்றில் போடுவது என் வழக்கம். அன்று மதியம் வருகிற தூக்கத்துக்கு ஈடு கிடையாது.

ஆற்றுநீரை அப்படியே குடிக்காதீர்கள். திருநெல்வேலி அல்வாவின் ருசிக்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். இருக்கட்டும், அல்வாவைக் கொதிக்க வைத்துத்தானே கிண்டுகிறார்கள்.

மணல் திட்டு இருக்கும் இடத்தில் ஊற்று தோண்டிப் பாருங்கள். நீரோட்டத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் கையால் பறித்தால் போதும். முதலில் ஊறுவது கலங்கல், இறைத்துவிடுங்கள். இரண்டாவதும் கலங்கல்தான். மூன்றாவது முறை இறைத்த பிறகு அடியில் ஒவ்வொரு மணலும் தெரியும்படி நிறையும். சின்னப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்காரவைக்க இதைவிட நல்ல விளையாட்டை நான் கண்டதில்லை.

பயப்பட வேண்டியவற்றுக்குப் பயப்படுங்கள்

என் முதல் ஆனி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நடு ஆற்றில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. காலை பதினோரு மணிக்கு டிபன் கேரியரோடு நடந்தே போனேன். தண்ணீர் முழங்காலைத் தொடவில்லை. சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தேன். விழித்தபோது ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. சலசலப்பு போய், கனமாக ஒரு இரைச்சல். நிறமும் கொஞ்சம் மங்கியிருந்தது, காய்ந்த சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் வந்த வழியே நேராக இறங்கினேன். நான்கு எட்டில் இடுப்பைத் தாண்டிவிட்டது. கரையில் எருமை கழுவிக்கொண்டிருந்தவர் கத்தினார்: "அண்ணாச்சி, எதிர்த்து வராதீர்கள்! திட்டின் மேல்முனைக்குப் போய் இறங்குங்கள், ஓட்டத்தோடு சாய்ந்து வாருங்கள்!" அவர் சொன்னபடி மேற்கு முனைக்கு ஏறிப்போய், நீரின் போக்கிலேயே குறுக்காகச் சாய்ந்து நடந்தேன். ஐம்பது அடி கிழக்கே தள்ளிக் கரையேறினேன். டிபன் கேரியர் போயிற்று, இடது கால் செருப்பும் போயிற்று.

ஆகவே: சத்தம் மாறினால், நிறம் மாறினால், சருகு மிதந்து வந்தால், ஏன் என்று யோசிக்காமல் ஏறிவிடுங்கள். வானம் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். மழை மலையில் பெய்திருக்கும், அல்லது அணையில் திறந்திருப்பார்கள். பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின் நிலையம் இயங்குகிறது. மின்சாரம் எடுத்த நீரும் இந்த ஆற்றில்தான் வந்து விழ வேண்டும். ஊருக்குள் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொன்னால் மாடியிலிருந்து மட்டும் ஆற்றைப் பாருங்கள்.

அணைக்கட்டுகளுக்கு, அதாவது ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்புச் சுவர்களுக்கு, கீழே குளிக்கவே கூடாது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. சுவரைத் தாண்டி நீர் விழும் இடத்தில் பார்க்க அருவிபோல் இருக்கும். விழுந்த நீர் அடியில் சுருண்டு திரும்பிச் சுவரை நோக்கியே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது விடாது. மணல் அள்ளிய பழைய குழிகளும் அப்படித்தான், முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே தலை மூழ்கும்.

ஒருவர் தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். வேட்டி, சேலை, கயிறு, நீண்ட கம்பு, காலி பிளாஸ்டிக் குடம், எது கைக்கு வருகிறதோ அதை வீசுங்கள், சத்தம் போட்டு ஆள் சேருங்கள். குடித்தவர்களோடு ஆற்றுக்குப் போகாதீர்கள். தலைகீழாகப் பாய்வது நேற்றுவரை ஆழமாக இருந்த இடத்திலும் வேண்டாம்.

நீச்சல் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளப் பங்குனி, சித்திரைதான் பருவம். ஓட்டம் குறைவாக இருக்கும். முன்பு காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிவிடுவார்கள். இப்போது ஐந்து லிட்டர் காலி எண்ணெய்க் கேன். வாழைமரத் துண்டு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கால் அடிப்பது எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் முறை. ஐம்பத்தாறு வயதில் ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவே நான் அப்படிக் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு நான்கு நாள் ஆயிற்று, எனக்குப் பன்னிரண்டு.

மாதங்களின் வரிசை

பங்குனி. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோல் வாசம் அடிக்கும். பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் இருக்கும் சாஸ்தா கோயில்களில் பொங்கல் பொங்கும் புகை கிளம்பும். அன்று பஸ்ஸில் இடம் கிடைக்காது, வெளியூர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாவடு வருவதும் இந்த மாதம்தான். உப்பில் ஊறிச் சுருங்கிய மாவடுவோடு தயிர்சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு மருதமர நிழலுக்குப் போய்விடுங்கள். இந்தக் கரையின் மரம் மருதம். வழவழப்பான சாம்பல் பட்டை, கிளையைத் தண்ணீர்ப் பக்கமே சாய்க்கும். வேப்பமர நிழலைவிட இதன் நிழல் குளிர்ச்சி என்று வாதிடுவேன், நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

திருப்புடைமருதூருக்கு ஒரு காலையாவது போய் வாருங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம். ஊர்ப் பெயரிலேயே மருதம் இருக்கிறது. மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும், பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். பறவைகளை ஊர்க்காரர்களே விரட்டாமல் காப்பாற்றி வந்த இடம் இது. 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். பட்டாசு, ஒலிபெருக்கி எதுவும் கொண்டுபோகாதீர்கள். நாறும்பூநாத சுவாமி கோயில் கோபுரத்துக்குள் மாடி மாடியாகப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, மேலே ஏறிப் பார்க்க அனுமதி கிடைத்தால் விடாதீர்கள்.

சித்திரை. சித்திரை விசுவன்று, அதாவது மாதப் பிறப்பன்று, பாபநாசத்தில் கூட்டம் நெரியும். எனக்குக் கூட்டம் ஆகாது என்பதால் இரண்டு நாள் கழித்துப் போவேன். கோயில் படித்துறையில் மீன்கள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருக்கும், பொரி போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைத் திறக்கும். யாரும் பிடிப்பதில்லை. அங்கே பரிகாரம் என்று கட்டிய துணியை ஆற்றில் விட்டுவருகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் துணிகள் எங்கும் போவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி அழுகிக் கிடக்கும், பிறகு யாராவது இறங்கி வாரி எடுக்க வேண்டும்.

அதற்கு மேலே காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் என்று போவதானால் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள், நேரக் கட்டுப்பாடு உண்டு, பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கட்டும்.

பதநீரும் நுங்கும் சித்திரையின் கொடை. பதநீரைக் காலை ஏழு மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளிக்காமல் இனிப்பாக இருக்கிறது, ஆனாலும் வெயில் ஏறினால் ருசி இறங்கிவிடும். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு கையாலும் ஏந்திக் குடியுங்கள். ஒரு நுங்கைத் தோண்டி உள்ளே போட்டுக் கொடுக்கிறவர் கிடைத்தால் அவரை வாடிக்கையாக்கிக்கொள்ளுங்கள். நுங்கு வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விரல் பதிந்தால் இளசு. முற்றியதைத் தின்றால் வயிறு வலிக்கும். தோலோடு ஒட்டிய நீரை வேர்க்குருவில் தடவிக்கொள்வது வீட்டு வைத்தியம், எரிச்சல் அடங்கும்.

மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய், பிறகு தூக்கம்.

தூங்குவதற்குப் பாய். பத்தமடை அருகில்தான் இருக்கிறது. இந்த ஆற்றங்கரைக் கோரையை மெல்லிசாகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, உலர்த்திப் பிறகு நெய்கிற பட்டுப்பாய்தான் உலகப் புகழ் பெற்றது. அதைக் கல்யாணத்துக்கு வாங்குங்கள். மொட்டைமாடியில் படுக்க முரட்டுக் கோரைப்பாய் போதும். முதுகுக்கும் தரைக்கும் நடுவே காற்று புகும். மாலை ஆறு மணிக்கு மாடித் தரையில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, காய்ந்த பிறகு பாயை விரியுங்கள். கொசுவலை கட்டாயம் வேண்டும். ஆற்றங்கரை வீட்டின் அழகைப் பேசுகிறவர்கள் கொசுவைப் பற்றி வாய் திறப்பதில்லை. சித்ரா பௌர்ணமியன்று தெருவே மாடிக்கு வந்து நிலாச்சோறு சாப்பிடும். எங்கள் வீட்டில் அன்று கூட்டாஞ்சோறு: அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், ஒரு கை முருங்கைக்கீரை, எல்லாம் ஒரே பானையில்.

வைகாசியில் சொல்வதற்கு அதிகமில்லை. மாம்பழம் தின்னுங்கள், விருந்தாளிகளைச் சமாளியுங்கள்.

பள்ளி விடுமுறையில் விருந்தாளிகள் வருவார்கள், ஆற்றங்கரை வீட்டுக்கு இரட்டிப்பாக வருவார்கள். பிள்ளைகள் நடுப்பகலில்தான் ஆற்றுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். என் வீட்டில் சில சட்டங்கள் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் உலர்ந்த உடையில் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் குளிக்கக்கூடாது, கைப்பேசி பார்க்கக்கூடாது. இடுப்புக்கு மேல் தண்ணீர் கிடையாது. சாப்பிட்டவுடன் கிடையாது. ஷாம்பு பாக்கெட்டோடு வருகிற மாமாவிடம் நான் நேரடியாகச் சொல்வதில்லை, பிள்ளைகளை விட்டுச் சொல்லச் சொல்வேன். காலையில் எழுந்து வருகிற பிள்ளைக்கு மட்டும் பரிசு உண்டு: கரையில் சத்தம் போடாமல் அரை மணி உட்கார்ந்தால் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாக விழுந்து மீனெடுப்பதைக் காட்டுவேன். அதிர்ஷ்டம் இருந்தால் எதிர்க்கரையில் நீர்நாய்க் கூட்டம் பாறையில் ஏறி உடம்பை உதறும். பதினோரு ஆண்டில் எனக்கு ஆறு முறைதான் கிடைத்தது.

திருநெல்வேலி நகரத்தில் இருப்பவர்கள் விருந்தாளிகளைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போகலாம். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் அது. வெள்ளத்தைப் பிளந்து அனுப்ப வசதியாக மேற்குப் பக்கத்தைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். கோடையில் போய் அந்த முனையைப் பார்த்தால்தான் மழைக்காலத்து ஆற்றின் பலம் புரியும்.

வீடு வாங்காமல் வாடகைக்கு இருப்பவர்கள் இன்னொன்றையும் கோடையிலேயே செய்துவிடலாம். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளம் எந்த வீட்டின் எந்தப் படிவரை ஏறியது என்று தெருவில் கேட்டு வையுங்கள். ஒவ்வொருவரும் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். தரகர் காட்டுகிற இடத்தை அந்தக் கைகளோடு ஒப்பிட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஆனி

ஒரு நாள் காலையில் மேற்கே மலை தெரியாது. மேகம் மூடியிருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரத் தொடங்கும். இரண்டு மாதமாக அடைத்துவைத்த மேற்குச் சன்னலைத் திறந்துவிடுங்கள், காகிதங்களின்மேல் மட்டும் ஏதாவது கனமாக வையுங்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். பாதி ஊர் அருவிக்குக் கிளம்பிப்போகும். நான் போவதில்லை. ஊர் காலியாக இருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் படித்துறை எனக்கே எனக்கு. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்துக்கு மட்டும் வண்டி ஏறுவேன்.

அணையில் இருப்பு இருந்தால் ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். புதுத் தண்ணீர் வரும் நாளன்று குளிக்காதீர்கள். நான்கு மாதமாகக் காய்ந்து கிடந்த சருகு, குப்பை, நுரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் வரும். அன்று துறைக்கு வருகிறவர்கள் யாரும் இறங்குவதில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்களும் நில்லுங்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தெளியும். ஆனால் சித்திரையில் நீங்கள் உட்கார்ந்த படி இப்போது ஆளுயரத்துக்குக் கீழே போயிருக்கும். மீன் குஞ்சுகளை அங்கே தேடாதீர்கள், ஓட்டத்துக்குப் பயந்து அவையும் ஓரமாக மேலே ஏறி வந்திருக்கும். வெளியே தெரியும் படிகளை எண்ணிப் பாருங்கள். எங்கள் துறையில் இப்போது ஒன்பது.